அமிகா 1200-இல் ஆக்சிலரேட்டர் போர்டு பொருத்துவது: முதல்முறை செய்பவர்களுக்கு

போர்டைச் செருகப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளுக்கு இரண்டு மாலைகளாவது வேண்டும். இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டவர்கள்தான் மூன்றாம் நாள் "போர்டு செத்துப்போச்சு" என்று தலையில் கைவைத்து உட்காருவார்கள். நான் பார்த்தவரை போர்டு சாவது அபூர்வம். கணினிக்கு ஏற்கெனவே ஏதோ ஒரு நோய் இருந்திருக்கும், புதுச் சுமை வந்ததும் அது வெளியே தெரிந்திருக்கும்.

கமோடோர் நிறுவனம் 1992 அக்டோபரில் அமிகா 1200-ஐ வெளியிட்டது. பிரிட்டனில் அப்போது விலை 399 பவுண்டு. உள்ளே இருப்பது மோட்டோரோலா 68இசி020 பிராசஸர். வேகம் 'பால்' (PAL) தொலைக்காட்சி முறைக்கான கணினிகளில் 14.18 மெகாஹெர்ட்ஸ். ரேம் 2 மெகாபைட், அதுவும் முழுக்க 'சிப் ரேம்'. படம் வரைகிற, ஒலி எழுப்புகிற சில்லுகளும் பிராசஸரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற கதை இது. சில்லுகள் பிடித்து முடிக்கும்வரை பிராசஸர் குடத்தோடு காத்து நிற்கும்.

ஆக்சிலரேட்டர் போர்டு அதற்கு இரண்டு விதத்தில் உதவுகிறது. வேகமான பிராசஸர் ஒன்று வருகிறது, அதற்கென்றே தனியாக 'ஃபாஸ்ட் ரேம்' வருகிறது. இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் ரேமைத்தான் சொல்வேன். பிராசஸரை மாற்றாமல் ஃபாஸ்ட் ரேமை மட்டும் சேர்த்தாலே இந்தக் கணினி ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். பழைய 020 மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, அதைக் கழற்ற வேண்டியதில்லை. போர்டு வந்து உட்கார்ந்ததும் அது நாற்காலியைக் காலி செய்துவிட்டு ஓரமாக நின்றுகொள்ளும்.

எந்த போர்டு?

முதல்முறை என்றால் 68030 உள்ள போர்டு போதும். அந்தக் காலத்தில் ஜெர்மனியின் ஃபேஸ் 5 நிறுவனம் செய்த பிளிஸார்ட் 1230 மார்க் 4-ஐ நல்ல உதாரணமாகச் சொல்லலாம். 50 மெகாஹெர்ட்ஸ் 030 பிராசஸர், 72 பின் கொண்ட 'சிம்' (SIMM) என்ற ரேம் பலகை ஒன்று, விரும்பினால் 68882 கணக்குச் சில்லுக்கு ஒரு சாக்கெட். 030-க்காகத் தனியாக எந்த மென்பொருளும் நிறுவ வேண்டாம், போட்டவுடன் ஓடும்.

68060 போர்டுகள் இன்னும் வேகமானவை. ஆனால் அந்தப் பிராசஸரில் பழைய சில கட்டளைகளை மோட்டோரோலா விட்டுவிட்டது. அவற்றை மென்பொருளால் ஈடுகட்ட 68060 லைப்ரரி என்ற கோப்பு வேண்டும். போர்டைச் செருகுவதற்கு முன்பே அந்தக் கோப்பை ஹார்டு டிஸ்கில் 'லிப்ஸ்' (LIBS) என்ற அடைவுக்குள் போட்டுவைக்க வேண்டும். செருகிய பிறகு கணினி பாதி வழியில் நின்றுபோனால், கோப்பைப் போட வழியே இருக்காது. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளே வைத்த மாதிரிதான். விலையும் அதிகம். இரண்டாவது போர்டாக வாங்கிக்கொள்ளலாம்.

ஆர்வலர்கள் இப்போது புதிதாக வடிவமைக்கும் போர்டுகளும் கிடைக்கின்றன. ராஸ்பெரி பை பலகையை வைத்து 680x0 பிராசஸரைப் போலச் செய்யும் பைஸ்டார்ம் வகையும் உண்டு. செருகும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பழைய போர்டை வாங்கினால் பெட்டியைத் திறந்ததும் முதலில் பேட்டரியைத் தேடுங்கள். கடிகாரம் உள்ள போர்டுகளில் சிறிய பேட்டரி ஒன்று இருக்கும். முப்பது வருடத்தில் அது கசிந்திருந்தால் சுற்றிலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். "சோதித்தது, நன்றாக ஓடுகிறது" என்ற உறுதிமொழியோடு எனக்கு வந்த ஒரு போர்டில் பேட்டரிக்குக் கீழே ஓடிய மூன்று செப்புத் தடங்கள் அரித்தே போயிருந்தன. படம் கேட்காமல் வாங்கியது என் தப்பு. இப்போதெல்லாம் இரண்டு பக்கமும் தெளிவான படம் கேட்காமல் பணம் அனுப்புவதில்லை.

முதல் மாலை: போர்டு இல்லாமலே

புது போர்டை மேசைமேல்கூட வைக்காதீர்கள். கை துருதுருக்கும்.

கணினியை இருக்கிற நிலையிலேயே ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். ஒரு விளையாட்டைப் போட்டு இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் ஒலி சமமாக வருகிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் மங்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இந்தக் கணினியில் உள்ள சிறிய உலோக உருளைக் கெபாசிட்டர்கள் வயதானால் அடிப்பக்கம் கசியும். அந்தத் திரவம் மதர்போர்டின் தடங்களை மெதுவாகத் தின்றுவிடும். ஒலி மங்குவது அதன் ஆரம்ப அறிகுறி. கெபாசிட்டரின் காலடியில் ஈயம் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்திருந்தாலோ, மீன் வாடை மாதிரி அடித்தாலோ சந்தேகமே வேண்டாம்.

கசிந்திருந்தால் போர்டு வேலையை அதோடு நிறுத்திவிட்டு, கெபாசிட்டர்களை மாற்றத் தெரிந்த ஒருவரிடம் கணினியைக் கொடுங்கள். சால்டரிங் பழகாதவர்கள் இதில் பழகக் கூடாது. அரித்துப்போன செப்புத் திட்டு, சூடு பட்டதும் கெபாசிட்டரோடு சேர்ந்து பிய்ந்துகொண்டு வந்துவிடும்.

அடுத்தது பவர் சப்ளை. இங்குதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அமிகா 1200-உடன் வந்த பெட்டி 5 வோல்ட் வழியில் 3 ஆம்பியர்தான் தரும். பழைய அமிகா 500-உடன் வந்த கனமான பெட்டி சுமார் 4.5 ஆம்பியர் தரும். பிளக் ஒன்றேதான், மாற்றிப் போடலாம். போர்டு, ஹார்டு டிஸ்க், ஃபிளாப்பி மூன்றையும் மெல்லிய பெட்டி சுமக்க முயன்றால் நல்ல நேரத்தில் ஓடும், நெருக்கடியில் கவிழ்த்துவிடும். கனமான பெட்டிக்கும் வயதாகிவிட்டது. முடிந்தால் நம்பகமான ஒருவர் புதிதாகச் செய்து விற்கும் பவர் சப்ளையாக வாங்குங்கள்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி 110-120 வோல்ட் மின்சாரத்துக்கானது. அதை நம் ஊரிலோ ஐரோப்பாவிலோ 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான் வரும். கமோடோர் 128-இன் பிளக்கும் பார்வைக்கு இதே சதுரம்தான், ஆனால் அதில் 9 வோல்ட் ஏசி வருகிறது. பெட்டிமேல் ஒட்டியிருப்பதைப் படிக்காமல் எதையும் செருகாதீர்கள். மூன்றாவது, பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே வேண்டாம். சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும்.

வோல்ட்டை அளந்து எழுதிவைக்க வேண்டும். கணினியின் மேல்மூடியைத் திறந்தால் ஃபிளாப்பி டிரைவுக்கு நான்கு கம்பிகள் போவது தெரியும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும் சிவப்பு முனையைச் சிவப்புக் கம்பியிலும் தொட்டால் 5 வோல்ட் காட்ட வேண்டும். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே இருப்பது ஏட்டுக் கணக்கு. போர்டு இல்லாத நிலையிலேயே 4.9-க்குக் கீழே இருந்தால் நான் அந்தப் பெட்டியை நம்ப மாட்டேன், போர்டு வந்ததும் இன்னும் இறங்கும். உள்ளே ஆளுக்கு ஆபத்தான வோல்ட் இல்லை. ஆனால் மல்டிமீட்டரின் முனை சறுக்கி இரண்டு கம்பியைச் சேர்த்துத் தொட்டால் கணினிக்கு ஆபத்து. கை நடுங்குகிறவர்கள் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யலாம்.

மேல்மூடியைத் திறக்கும்போது விளக்குகளுக்குப் போகும் சிறிய வயர் ஒன்று மூடியோடு வரும். அதைப் பிடுங்காமல் கழற்ற வேண்டும். கீபோர்டின் பட்டை வயர் மெல்லிய பிளாஸ்டிக் தாள் மாதிரி. அதை மடித்தால் விரிசல் விட்டு, ஒரு வரிசைச் சாவிகள் மொத்தமாக ஊமையாகிவிடும். எனக்கு இதிலும் அனுபவம் உண்டு, விவரம் வேண்டாம்.

கடைசியாக, ஹார்டு டிஸ்கின் நகல். பழைய டிஸ்கானாலும் டிஸ்குக்குப் பதிலாக ஐடிஇ அடாப்டரில் போட்ட சிஎஃப் மெமரி கார்டானாலும் முழுசாக ஒரு நகல் எடுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது அமிகா நின்றுபோனால் அடுத்த முறை அந்தப் பகுதியைச் சரிபார்க்கிறேன் என்று ஆரம்பிக்கும், சில சமயம் முடிக்கவே முடிக்காது. நிலையில்லாத புது போர்டோடு இந்தச் சூதாட்டம் வேண்டாம். சிஸ்இன்ஃபோ என்ற சிறு நிரலை ஓட்டி வேக எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இரண்டாம் மாலை: செருகுவது

சுவிட்சை அணைத்து, பவர் பிளக்கைக் கணினியிலிருந்தே கழற்றிவிடுங்கள். ஹார்டு டிஸ்க், பக்கவாட்டில் செருகும் பிசிஎம்சிஐஏ கார்டு, மவுஸ் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மேசையில் பருத்தித் துண்டு ஒன்றை விரித்து, கணினியைக் குப்புறக் கவிழ்த்து வையுங்கள். நைலான் சட்டை, கம்பளி, பிளாஸ்டிக் விரிப்பு கூடாது. மணிக்கட்டுப் பட்டை இருந்தால் கட்டிக்கொண்டு, அதன் மறுமுனையை எர்த்தோடு இணைத்த ஏதாவது உலோகத்தில் மாட்டுங்கள். சென்னை மாதிரி ஈரக் காற்று உள்ள ஊரில் நிலைமின்சாரத் தொல்லை குறைவு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் டொராண்டோ வீட்டில் கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுளீர் என்று அடிக்கும். அங்கே இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம்.

அடிப்பக்கத்தில் செவ்வகமான சிறு மூடி தெரியும். அதைத்தான் எல்லோரும் 'டிராப்டோர்' என்கிறார்கள். கொக்கியை மெதுவாக அழுத்தி எடுங்கள். முப்பது வயதுப் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடையும், நெம்பாதீர்கள். உள்ளே மதர்போர்டின் ஓரம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் வரிசையாக 150 தொடுமுனைப் பட்டைகள். போர்டின் பெண் கனெக்டர் இதன்மேல்தான் ஏற வேண்டும்.

பட்டைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் நீளவாக்கில் துடையுங்கள். துணி கறுப்பாக வரும், வெள்ளையாக வரும்வரை தொடருங்கள். பென்சில் அழிப்பானால் தேய்க்கச் சொல்வார்கள். அது முலாமையும் சேர்த்துத் தேய்க்கும், துகளையும் உள்ளே விடும். நகப்பூச்சு நீக்கி பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். கனெக்டரின் உள்ளே வளைந்த பின் ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாம் காயப் பத்து நிமிடம் விடுங்கள், அதற்குள் காபி குடித்துவிடலாம்.

சிம் ரேமைப் போர்டில் மாட்டும் வேலையை வெளியிலேயே முடித்துவிட வேண்டும். சாய்வாக வைத்து, நிமிர்த்தினால் இரண்டு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று பிடிக்கும். இரண்டு பக்கமும் சில்லுகள் உள்ள தடித்த சிம் என்றால் டிராப்டோர் மூடி மூடுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜம்பர்களை, அதாவது அமைப்பை மாற்ற உதவும் குட்டி இணைப்புகளை, கையேட்டோடு ஒத்துப்பாருங்கள். பிளிஸார்ட் 1230-இல் ரேமின் வேகம் 60 நானோ நொடியா 70-ஆ என்று சொல்ல ஒரு ஜம்பர் உண்டு. தெரியாவிட்டால் மெதுவான பக்கம் வையுங்கள்.

இப்போது செருகலாம். போர்டின் இரண்டு ஓரங்களையும் பிடித்து, கனெக்டரை மதர்போர்டின் விளிம்புக்கு நேராக, ஒரே மட்டத்தில் கொண்டுவாருங்கள். தள்ளும் திசை பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். மேலிருந்து அழுத்தினால் மதர்போர்டு வளையும். இறுக்கமாக இருக்கும். இடது ஓரம் ஒரு துளி, வலது ஓரம் ஒரு துளி என்று மாற்றி மாற்றி ஆட்டியபடி தள்ளுங்கள். சில்லுகளின்மேல் விரல் வைத்துத் தள்ளாதீர்கள். மிகவும் அடம்பிடித்தால் கணினியின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, மதர்போர்டின் மறுபக்க விளிம்பை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு செய்வது நல்லது. எப்போதுமே அப்படிச் செய்துவிடுகிறவர்களும் உண்டு, நானும் அவர்களில் ஒருவன்.

ஏறியதும் இடைவெளியைப் பாருங்கள். இரண்டு முனையிலும் சமமாக இருக்க வேண்டும். என் முதல் போர்டில் ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் குறைவாக ஏறியிருந்தது. திரை கறுப்பாகவே கிடந்தது. ரேமை மாற்றினேன், ஜம்பரை மாற்றினேன், பவர் சப்ளையைத் திட்டினேன். இரண்டு நாள் கழித்து என் மனைவி எட்டிப் பார்த்து, "அது ஏன் கோணலா இருக்கு?" என்றாள். இதற்கு நேரெதிரான ஒரு விசித்திரமும் உண்டு. சில போர்டுகள் முட்டும்வரை ஏற்றினால் முரண்டு பிடிக்கும், ஒரு மில்லிமீட்டர் பின்னால் இழுத்தால் சரியாகிவிடும்.

முதல் மின்சாரம்

டிராப்டோர் மூடியை இன்னும் மாட்ட வேண்டாம். கணினியை நிமிர்த்தி, பவரையும் திரையையும் மட்டும் இணையுங்கள். ஹார்டு டிஸ்க் வெளியிலேயே இருக்கட்டும். சுவிட்சைப் போட்டுவிட்டு விரலை அதன் மேலேயே வைத்திருங்கள்.

திரை சாம்பல் நிறமாகி, பிறகு ஃபிளாப்பியைப் போடச் சொல்லும் படம் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எரிந்த வாடையோ, விரல் வைக்க முடியாத சூடோ தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். வேறு நிறத்தில் திரை நின்றுவிட்டால் அந்த நிறமே சேதி சொல்லும். சிவப்பு என்றால் கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல் உள்ள கிக்ஸ்டார்ட் ரோம் சரியாகப் படிக்கப்படவில்லை. பச்சை என்றால் சிப் ரேம், நீலம் என்றால் தனிச் சில்லுகளில் ஒன்று. மஞ்சள் என்றால் பிராசஸர் ஆரம்பத்திலேயே தடுக்கி விழுந்திருக்கிறது. இந்த வேலையில் மஞ்சளும் கறுப்பும்தான் அடிக்கடி வரும். இரண்டுக்கும் முதல் வைத்தியம், எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, போர்டைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகுவது. அதற்கும் மசியாவிட்டால் போர்டு இல்லாமல் கணினி ஓடுகிறதா என்று பாருங்கள். முதல் மாலையில் ஓடியது இப்போதும் ஓடினால் கணினி பிழைத்திருக்கிறது, தேட வேண்டியது போர்டின் பக்கம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

படம் வந்தபின் அமிகாவின் இயக்க முறைமை உள்ள ஒர்க்பெஞ்ச் ஃபிளாப்பியைப் போட்டு ஏற்றுங்கள். 060 போர்டுக்கு அதனுடன் வந்த ஃபிளாப்பிதான் வேண்டும். கட்டளை அடிக்கும் சாளரமான ஷெல்லில் 'அவெய்ல்' (Avail) கட்டளையை அடித்தால் சிப், ஃபாஸ்ட் என்று இரண்டு வகை ரேமும் தனித்தனியாகத் தெரியும். ஃபாஸ்ட் வரிசையில் பூஜ்யம் இருந்தால் சிம் சரியாக உட்காரவில்லை. 'சிபியு' (CPU) கட்டளை பிராசஸரின் பெயரையும், அதற்குள் இருக்கும் குட்டி நினைவகமான கேஷின் நிலையையும் சொல்லும். மேல்மூடி திறந்திருக்கும்போதே மல்டிமீட்டரை மறுபடி எடுத்து, நேற்று எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். 4.8-க்குக் கீழே போய்விட்டதென்றால் ஹார்டு டிஸ்கைச் சேர்க்க வேண்டாம், முதலில் பவர் சப்ளையை மாற்றுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் ஒரு மணி நேரம் ஏதாவது கனமான வேலை கொடுத்து ஓட விடுங்கள். குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, சூடானதும் கவிழ்வது உண்டு. 1200 மதர்போர்டின் சில பதிப்புகளில் கடிகார சமிக்ஞையில் சின்னக் குளறுபடி இருக்கிறது. பழைய வேகத்தில் அது தெரியாது, வேகமான போர்டு வந்தால் வெளிப்படும். அதற்கு மதர்போர்டில் இரண்டு நுண்ணிய உறுப்புகளை எடுக்க வேண்டிவரும், எவை என்பது பதிப்பைப் பொறுத்தது. கெபாசிட்டர் மாற்றிக் கொடுத்தவரிடமே இதையும் கேளுங்கள்.

அப்புறம் அணைத்து, ஹார்டு டிஸ்கை மாட்டி ஏற்றுங்கள். பிசிஎம்சிஐஏ கார்டைக் கடைசியாகச் சேருங்கள். பிராசஸர் இல்லாமல் 8 மெகாபைட் ரேம் மட்டும் கொண்ட போர்டுகள் பிசிஎம்சிஐஏ-வின் முகவரி இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அவற்றை 4 மெகாபைட்டாகக் குறைக்க ஜம்பர் இருக்கும். 030 போர்டுகள் பெரும்பாலும் ரேமை அந்த இடத்துக்கு மேலே வைத்துக்கொள்வதால் அங்கே இந்தச் சண்டை வருவதில்லை.

சில பழைய விளையாட்டுகள் புது போர்டோடு ஓடாது. போர்டு பழுது என்று பதற வேண்டாம். 1980-களின் கடைசியில் 7 மெகாஹெர்ட்ஸ் கணினிக்கு எழுதியவை அவை. கேஷையும் வேகத்தையும் எதிர்பார்க்கவில்லை. பிளிஸார்ட் 1230-இல் ரீசெட் செய்யும்போது '2' சாவியை அழுத்திப் பிடித்தால் போர்டு ஒதுங்கி, பழைய 020 மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். டபிள்யூஎச்டிலோட் நிரல் வழியாக ஹார்டு டிஸ்கிலிருந்து ஓட்டினால் பல விளையாட்டுகள் அந்த வேலையும் இல்லாமல் ஓடிவிடும். அதற்குத்தான் ஃபாஸ்ட் ரேம் இப்போது இருக்கிறதே.

ஒரு வாரம் நன்றாக ஓடினால் மூடியை மாட்டுங்கள். 060 போட்டவர்கள் கணினியின் பின்பக்கம் இரண்டு ரப்பர் கட்டைகளை வைத்துச் சற்று உயர்த்திவிட்டால் அடியில் காற்றுப் போகும். மெல்லிய மெத்தைமேல் வைத்து ஓட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.